11 கிலோ

அன்புள்ள அக்கா,

நான் திருச்சியில் இருக்கிறேன். வயது 46. வங்கி வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. சின்ன வயதில் நன்றாக வரைவேன், கல்யாணத்துக்குப் பிறகு விட்டுப்போனது. இப்போது மிக்ஸ்ட் மீடியா செய்கிறேன். கேன்வாஸில் அக்ரிலிக் அடித்து, மேலே காகிதம், துணி, லேஸ், பட்டன் என்று ஒட்டி வேலை செய்வேன். ஒரு கண்காட்சியில் மூன்று வைத்திருந்தேன். பார்க்க வந்த ஓர் ஓவியர், “இது கைவேலை, கலை இல்லை” என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு நாள் தூக்கம் இல்லை. இந்த வயதில் ஆரம்பிப்பது தாமதமா? எனக்கென்று ஒரு பாணி எப்படி வரும்? ஆன்லைனில் 18,000 ரூபாய்க்கு ஒரு பயிற்சி இருக்கிறது, சேரலாமா?

அம்மா தவறிவிட்டதால் மூன்று மாதமாக எதுவும் செய்யவில்லை. போன வாரம்தான் அம்மாவின் டிரங்குப் பெட்டியை ஒழித்தேன். மொய் நோட்டு, பழைய கடிதம், மருந்துச் சீட்டு, ஜாக்கெட் துணி என்று ஒரே குப்பை. பழைய பேப்பர்காரர் எடை போட்டதில் 11 கிலோ. அந்த இடத்தில் என் மேஜையைப் போட்டுவிட்டேன். 899 ரூபாய்க்கு விண்டேஜ் பேப்பர் பாக்கெட் ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறேன். வழி சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம்.)

அன்புள்ள தங்கைக்கு,

அம்மா போன வீட்டில் மூன்று மாதத்துக்குள் மேஜை போட்டு உட்கார நினைத்தீர்களே, அதற்கே ஒரு மனத்தெம்பு வேண்டும். என் அம்மா போனபோது ஒரு வருடம் நான் பேனாவைத் தொடவில்லை.

உங்கள் கேள்விகளுக்கு முதலிலேயே சுருக்கமாகப் பதில் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பேச வேண்டியது வேறு.

வயது. இங்கிலாந்தில் மேரி டிலேனி என்று ஒரு பெண்மணி, 1700-ல் பிறந்தவர். கணவர் இறந்த பிறகு, எழுபதைத் தாண்டிய வயதில், வண்ணக் காகிதத்தைக் கத்தரித்துப் பூக்கள் செய்ய ஆரம்பித்தார். கறுப்புத் தாளின் மேல் இதழ் இதழாக ஒட்டுவார். ஒரே பூவுக்கு நூற்றுக்கணக்கான துணுக்குகள் போகும். சிலவற்றில் நிஜ இலையையே காயவைத்து ஒட்டியிருக்கிறார். கண் மங்கும்வரை செய்தது ஏறக்குறைய 1,000. பெரும்பாலானவை பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. ஆகவே 46 பற்றி இனிப் பேச வேண்டாம்.

பாணி. ஐம்பது வேலை முடித்த பிறகு கேளுங்கள். மூன்று வைத்துக்கொண்டு கேட்காதீர்கள்.

பயிற்சி. பணம் இருந்தால் சேருங்கள், கெடுதல் ஒன்றும் இல்லை.

அந்த ஓவியர் சொன்னதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டது அநியாயம். தஞ்சாவூர்ப் படம் என்பது என்ன? பலாப் பலகை, அதன் மேல் துணி, சுண்ணாம்புப் பொடியையும் பசையையும் குழைத்து மேடு கட்டி, கல் பதித்து, தங்க ரேக் ஒட்டி, மிச்சத்துக்கு வர்ணம். கைவேலை இல்லாமல் அதில் எது இருக்கிறது? விடுங்கள்.

இப்போது அந்த 11 கிலோவுக்கு வருகிறேன்.

கடிதத்தில் அந்த வரியைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. மறைக்க மாட்டேன். அம்மாவின் கையெழுத்தை எடைக்குப் போட்டுவிட்டு, யாரோ ஒரு வெள்ளைக்காரரின் கையெழுத்தை 899 ரூபாய் கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள். அந்த பாக்கெட்டை நானும் பார்த்திருக்கிறேன். பிரெஞ்சுக் கடிதம், ஈஃபிள் கோபுரம், ரோஜாப்பூ, தேநீர்க் கறை போல அச்சடித்த பழுப்பு. புதுத் தாள்தான், பழசு போல அச்சடித்திருப்பார்கள். அதே பாக்கெட்டை வாங்கிய ஆயிரம் பேர் வீட்டிலும் அதே கோபுரம், அதே கறை. அதை ஒட்டி வைத்துவிட்டு “எனக்கென்று ஒரு பாணி எப்படி வரும்” என்று என்னிடம் கேட்கிறீர்கள்.

குர்த் ஷ்விட்டர்ஸ் என்ற ஜெர்மானியக் கலைஞரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். 1887-ல் ஹனோவர் நகரில் பிறந்தவர். டிரெஸ்டனில் முறையாக ஓவியம் படித்தவர், நிலக்காட்சியும் முகமும் நன்றாக வரைவார். முதல் உலகப் போர் முடிந்து நாடே நொறுங்கிக் கிடந்தபோது, இருப்பதெல்லாம் உடைந்துவிட்டது, உடைசல்களிலிருந்துதான் புதியதைச் செய்ய வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வந்தது. தெருவில் கிடந்த டிராம் டிக்கெட், மிட்டாய்த் தாள், கம்பி, ஆணி, மரத்துண்டு என்று பொறுக்க ஆரம்பித்தார். ஒரு வங்கி விளம்பரத்தில் ‘கொமெர்ட்ஸ்’ என்று இருந்ததை வெட்டி ஒட்டியபோது ‘மெர்ட்ஸ்’ என்ற நான்கு எழுத்து மட்டும் மிஞ்சியது. 1919-லிருந்து தான் செய்வதற்கெல்லாம் அதையே பெயராக வைத்துக்கொண்டார்.

வீட்டுக்குள்ளேயே ஒன்று கட்டினார். மரமும் பிளாஸ்டரும் வைத்து அறைக்குள் தூணும் குகையுமாக வளர்த்துக்கொண்டே போனார். அந்தக் குகைகளில் நண்பர்களின் பொருள்களை வைத்தார். ஒருவரின் முடிக்கற்றை, கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோவின் மேஜையிலிருந்து எடுத்த பென்சில் என்று. 1937-ல் நாஜிகளுக்குப் பயந்து நார்வேக்கு ஓட வேண்டி வந்தது. 1943-ல் விமானக் குண்டு விழுந்து அந்த வீடு போனது. நார்வேயில் இன்னொன்று கட்டினார். 1940-ல் ஜெர்மனி அங்கேயும் நுழைந்ததும் பிரிட்டனுக்குத் தப்பினார். ஜெர்மன்காரர் என்பதால் பிரிட்டன் அவரை ‘ஐல் ஆஃப் மேன்’ தீவில் முகாமில் அடைத்தது. அங்கே பொருள் ஏது? காலையில் மிஞ்சிய ஓட்ஸ் கஞ்சியில் சிற்பம் செய்தார். தரையில் கிடந்த லினோலியம் விரிப்பைக் கிழித்து அதில் படம் வரைந்தார். அவர் வெளியே வந்து லண்டனில் இருந்தபோது மனைவி ஹெல்மா ஹனோவரில் புற்றுநோயில் இறந்துவிட்டார். முகம் பார்க்கக்கூட முடியவில்லை. கடைசியில் ஆம்பிள்சைட் என்ற சிற்றூரில் கிடைத்த காசுக்கு முகம் வரைந்து பிழைத்தார். அருகே எல்டர்வாட்டர் என்ற ஊரில் ஒரு கொட்டகையின் சுவரில் மறுபடியும் ஆரம்பித்தார். ஒரு சுவரோடு நின்றுபோனது. 1948 ஜனவரியில் இறந்துபோனார்.

இவ்வளவும் ஏன் சொல்கிறேன்? அவருடைய ஒட்டுப்படங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஹனோவர் காலத்தில் ஜெர்மன் டிராம் டிக்கெட். பிறகு நார்வே காகிதம். பிறகு ஆங்கிலத்தில் அச்சடித்த மிட்டாய்த் தாள், பஸ் டிக்கெட், அமெரிக்காவுக்குப் போய்விட்ட ஒரு தோழி அனுப்பிய சித்திரக்கதைத் துண்டு. மனுஷன் எந்த ஊரில் இருந்தார், எதைத் தின்றார், யார் அவருக்குத் தபால் போட்டார்கள் என்று அந்தக் குப்பையே சொல்லும். ‘அவர் ஒட்டியதும் அடுத்தவர் குப்பைதானே’ என்று கேட்பீர்கள். ஆமாம். ஆனால் அவர் நடந்த தெருவில் கிடந்த குப்பை. நீங்கள் பாரிஸில் நடந்தீர்களா?

உங்கள் கடிதம் வந்த சமயம், என் மேஜையில் ஒரு படம் கண்ணாடி இல்லாமல் கிடந்தது. என் அத்தை செய்தது.

அத்தைக்கு 1957-ல் மாமா இறந்தபோது 24 வயது. எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். வெள்ளைப் புடவை, ஒரு தகரப் பெட்டி. பெட்டிக்குள் அரக்கு நிறத்தில் கூறைப்புடவை. அதை அவள் இனிக் கட்ட முடியாது. அந்தக் காலத்து ஊரில் வேறு ஒருத்திக்குக் கொடுத்தால் வாங்கவும் மாட்டார்கள். எங்கள் கூடத்தில் ரவிவர்மா சரஸ்வதியின் அச்சுப்படம் ஒன்று இருந்தது, வீணையும் மயிலுமாக. ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் போட்ட பிறகு அந்த மாதிரிப் படங்கள் வீட்டுக்கு வீடு வந்துவிட்டன. வந்த படத்தைப் பெண்கள் சும்மா விடவில்லை. செட்டிநாட்டுப் பக்கம் பெரிய வீடுகளில் இப்போதும் பார்க்கலாம். முகம், கை, கால் மட்டும் அச்சு. மற்ற இடமெல்லாம் துணி, ஜரிகை, சமிக்கி, பாசிமணி, மேடாகத் தெரிய அடியில் பஞ்சு. மிக்ஸ்ட் மீடியா என்ற பெயரை அவர்கள் கேட்டதே இல்லை.

அத்தை அந்தக் கூறைப்புடவையை வெட்டிச் சரஸ்வதிக்கு உடுத்திவிட்டாள். சரஸ்வதிக்கு வெள்ளைதானே? நான் சின்னப் பிள்ளையில் கேட்டிருக்கிறேன், “சரஸ்வதிக்கு ஏன் அத்தை அரக்குப் புடவை?” என்று. “கட்டிக்கட்டும்டி, அவளுக்கென்ன” என்றாள். அதற்கு மேல் சொன்னதில்லை.

கண்ணாடி விரிசல் விட்டதால் ஃப்ரேம் போடும் கடைக்கு எடுத்துப் போனேன். கடைப் பையன் பின்பக்கத்து ஆணிகளைப் பிடுங்கிப் படத்தை வெளியே எடுத்தான். ஒரு முனையில் பசை விட்டுப்போய் ஜரிகை எழும்பி நின்றது. அறுபது வருடத்துக்கு மேல் ஆகியும் ஒரு பூச்சி தின்னவில்லை. காய்ந்த பசையைப் பார்த்தால் லேசாக நீலம். புத்தகம் பைண்டு செய்கிறவர்கள் மைதாப் பசையில் மயில்துத்தம் என்ற நீல உப்பைப் போடுவார்கள், பூச்சி வராது. அதை அவள் யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாளோ. கிரீடத்தில் ஒட்டிய சமிக்கி பாதி உதிர்ந்திருந்தது. அடியில் ஏதோ மின்னியது. பையன் பிளேடு முனையால் மெதுவாக நிமிர்த்திக் காட்டினான். சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் ஈயத்தாள். மடிப்புக்கூட மாறவில்லை.

எங்கள் வீட்டில் யாரும் சிகரெட் பிடித்ததில்லை. மாமா பிடிப்பார் என்று கேள்வி.

“இதெல்லாம் எடுத்துப் போட்டுட்டுப் புதுசா கல்லு வச்சு கிராண்டா பண்ணித் தரேம்மா” என்றான் பையன். அவனைக் குறை சொல்ல மாட்டேன், அது அவன் தொழில். படத்தைத் துண்டில் சுற்றி அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அன்று சாயங்காலம் உங்கள் கடிதம்.

இப்போது புரிகிறதா ஏன் திட்டுகிறேன் என்று? அந்த ஈயத்தாளைக் கடையில் வாங்க முடியாது. உங்கள் அம்மாவின் மொய் நோட்டையும் முடியாது. மொய் நோட்டில் என்ன இருக்கும் என்று திறந்தாவது பார்த்தீர்களா? முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, மஞ்சள் தொட்ட விரல் தடம், தாய்மாமன் எவ்வளவு, பக்கத்து வீடு எவ்வளவு, யார் பாத்திரமாகக் கொடுத்தார்கள், எதைத் திருப்பிச் செய்தாகிவிட்டது என்பதற்கு ஓரத்தில் ஒரு டிக். ஒரு பெண் நாற்பது வருடம் யார் யாருக்குக் கடமைப்பட்டு இருந்தாள் என்பதன் கணக்கு அது. மருந்துச் சீட்டுகள் இருந்தன என்கிறீர்கள். கடைசி இரண்டு வருடச் சீட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கி ஒட்டினாலே போதுமே, வேறு வர்ணமே வேண்டாம். ஜாக்கெட் துணியில் தையற்காரர் சாக்பீஸில் போட்ட அளவுக் கோடு இருந்திருக்கும். அம்மாவின் தோள் அளவு, தங்கை. அதைக் குப்பை என்று எழுதியிருக்கிறீர்கள்.

துக்கத்தில் பெட்டியைப் பார்க்கச் சகிக்காமல் கொடுத்திருப்பீர்கள், அது தெரிகிறது. எனக்கும் அம்மாவின் மூக்குக் கண்ணாடியைப் பார்க்க முடியாமல் யாருக்கோ கொடுத்துவிட்டு இன்றுவரை தேடுகிறேன். ஆனால் பார்க்கச் சகிக்காததைத் தவிர வேறு எதை ஒட்டப் போகிறீர்கள்? லேஸையும் பட்டனையும் பார்க்க உங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. அதனால்தான் அவை அழகாக மட்டும் இருக்கின்றன.

இன்னொன்று, இது அவசரம். வங்கியில் இருந்தவர் நீங்கள், ஏ.டி.எம். சீட்டு சில மாதத்தில் வெளிறிப் போவது தெரியும். இப்போது பஸ்ஸில் மெஷினில் அடித்துத் தருகிற டிக்கெட்டும் அந்த ஜாதிதான், சூட்டில் எழுத்து வருகிற தாள். ஒட்டி வைத்தால் சில வருடத்தில் வெற்றுத் தாளாகிவிடும். நம் காலத்துக் காகிதம் நமக்கு முன்னாலேயே அழிகிறது. அம்மாவின் பெட்டியில் இருந்தது மசியும் பால்பாயிண்டும் நல்ல அச்சும். நின்றிருக்கும்.

கடிதம் வந்த அன்றே உங்களுக்குத் தனியாக இரண்டு வரி எழுதினேன், பார்த்தீர்களா தெரியவில்லை. பழைய பேப்பர் கடையில் வாங்கியதை அன்றே அனுப்பிவிட மாட்டார்கள். லோடு சேரும்வரை கட்டிப் போட்டிருப்பார்கள். அட்டை போட்ட நோட்டுகளைத் தனியாக எடுத்து வைக்கிற வழக்கமும் சில கடைகளில் உண்டு. எடைக்கு இரண்டு மடங்கு கொடுங்கள், மூன்று மடங்கு கேட்டாலும் கொடுங்கள். அந்த 18,000 ரூபாயிலிருந்து எடுத்துக் கொடுங்கள்.

கடைக்குப் போனீர்களா? அதை மட்டும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா