45 ஓட்டு யார் கேட்டது?

அன்புள்ள ஐயா,

2024இல் இமாச்சலில் மாநிலங்களவைத் தேர்தலில் மாற்றி ஓட்டுப் போட்ட ஆறு காங்கிரஸ் எம்.எல்.ஏ.க்களின் பதவி பறிபோனது. வேறு மாநிலங்களில் இதையே செய்தவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். ஏன்? 2017இல் குஜராத்திலும் இரண்டு ஓட்டைச் செல்லாது என்று அறிவித்ததால்தானே 44 ஓட்டு வாங்கிய காங்கிரஸின் அகமது படேல் பிழைத்தார்? இல்லாவிட்டால் 45 வேண்டியிருக்கும். சட்டம் ஆளைப் பார்த்து வளைகிறதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கோபம் எனக்குப் பிடித்திருக்கிறது. அதைக் காட்டிய இடம்தான் சரியில்லை. மாநிலங்களவைக்குப் போடும் ஓட்டு சபை நடவடிக்கை ஆகாது, கட்சித்தாவல் சட்டம் அதைத் தொடாது. அந்த ஆறு பேர் பதவியிழந்தது பட்ஜெட் ஓட்டெடுப்புக்குக் கொறடா உத்தரவை மீறி வராததால். பாரபட்சப் பேச்சை இதோடு விடுங்கள். போகிற போக்கில் எழுதினீர்களே, அந்த 45, அதை மட்டும் என்னால் விட முடியாது. அந்தக் கணக்கு சில நாளாகவே என் மேசையில் கிடக்கிறது.

டிவியில் சொன்னதை அப்படியே எழுதுவதற்குமுன் ஒரு தடவை கூட்டிப் பார்த்திருக்கக் கூடாதா? ஒரு ஓட்டுச்சீட்டின் மதிப்பு 100. செல்லும் சீட்டுகளின் மொத்த மதிப்பை, இடங்களோடு ஒன்று கூட்டி வரும் எண்ணால் வகுத்து, மீதியைத் தள்ளி, ஒன்று சேர்த்தால் கோட்டா, அதாவது தொட்டவுடன் ஜெயிக்கும் மதிப்பு. 176 சீட்டும் செல்லும், இடம் மூன்று என்றால் 17,600ஐ 4ஆல் வகுக்க 4,400. கூட ஒன்று, 4,401. படேலிடம் 4,400. ஒன்று குறைகிறது. எல்லோரும் இந்த இடத்திலேயே ‘தோற்றிருப்பார்’ என்று எழுந்துபோய்விடுகிறார்கள். எண்ணுகிற அதிகாரி அப்படிப் போக முடியாது; மூன்றாவது இடம் காலியாக இருக்கிறதே!

அமித் ஷாவுக்கு 46, ஸ்மிருதி இரானிக்கு 46, பா.ஜ.க.வின் மூன்றாவது வேட்பாளர் பல்வந்த்சிங் ராஜ்புத்துக்கு 38. செல்லாத இரண்டையும் ராஜ்புத்துக்கே கொடுங்கள்: 4,000. ஜெயித்தவரிடம் கோட்டாவுக்கு மேல் மிஞ்சும் உபரி, அந்தச் சீட்டுகளில் இரண்டாம் விருப்பமாகக் குறித்தவருக்குப் போகும். ஷா, இரானி இருவரின் உபரியும் தலா 199. முழுசாக வந்தாலும் 4,398தான். முழுசாகவும் வராது: 199ஐ 46 சீட்டுக்குப் பங்கிட்டால் சீட்டுக்கு 4, பின்னம் கணக்கில் சேராது. ஆக ஒருவரிடமிருந்து 184, இருவரிடமிருந்தும் 368. மொத்தம் 4,368, படேலின் 4,400ஐவிடக் குறைவு.

ஓர் இடம், இருவர் மிச்சம் என்றால் கூடுதல் மதிப்பு வைத்திருப்பவர் ஜெயிப்பார், கோட்டாவைத் தொடாவிட்டாலும். தொட்டால் உடனே வெற்றி. தொடாவிட்டால் தோல்வி என்று எந்த விதியும் சொல்லவில்லை. அந்த இரண்டு சீட்டு செல்லாமல் போனது, சொந்தக் கட்சி முகவரைத் தவிர மற்றவருக்கும் காட்டியதால். அதனால் கோட்டா 4,351 ஆகி, படேல் முதல் எண்ணிக்கையிலேயே ஜெயித்தார். அவ்வளவுதான் வித்தியாசம்.

நம்பிக்கை வரவில்லையா? 2022 ஹரியானாவை நீங்களே போட்டுப் பாருங்கள். 2 இடம், செல்லும் சீட்டு 88, முதல் விருப்பம் 36, 29, 23. ஜெயித்தது 36ம் 23ம், தோற்றது 29. அந்த 36 சீட்டிலும் இரண்டாம் விருப்பம் 23க்காரருக்கே என்று வைத்துக்கொள்ளுங்கள். உபரியைப் பங்கிடும்போது மட்டும் பின்னத்தைத் தள்ள மறக்காதீர்கள்.