கொழுந்தனின் பவளத்துக்கு மதினியின் நகை

கேள்வி: பாளையங்கோட்டையில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். பிடித்தம் போகக் கையில் வருவது 46,000 ரூபாய். கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். அவர் அனுப்பும் பணம் வீட்டுக்கடனுக்கும் குடும்பச் செலவுக்கும் சரியாகப் போய்விடுகிறது. என் கொழுந்தன் வண்ணார்பேட்டையில் வண்ணமீன் கடை வைத்திருக்கிறார். கடையில் கடல்மீன் தொட்டிகள் அமைப்பதற்காக, ஆறு சவரன் ஆரமும் நான்கு சவரன் வளையல்களுமாகப் பத்துச் சவரனை வங்கியில் வைத்து முதலில் 2,50,000 ரூபாய் வாங்கிக் கொடுத்தேன். மறு ஆண்டு அதைத் திருப்பி வைத்ததில் கடன் 3,60,000 ஆயிற்று. போன ஆண்டு திருப்பி வைத்தபோது 4,90,000 ஆகிவிட்டது. வட்டி ஒன்பதரை சதவீதம். அவர் இதுவரை திருப்பித் தந்தது 45,000. அடுத்த மாதம் கெடு முடிகிறது. தங்கம் விலை ஏறியிருப்பதால் இன்னும் இரண்டு லட்சம் கிடைக்கும் என்று வங்கியில் சொல்கிறார்கள். அதில் 1,80,000 ரூபாய்க்கு நான்கு உயிர்ப்பவளத் துண்டுகள் வாங்கித் தொட்டியில் வளர்த்து வெட்டினால் ஓராண்டில் எட்டாகும் என்கிறார் கொழுந்தன். “மதினி, இது தங்கத்தைவிட அபூர்வம், தமிழ்நாட்டுல நாலு பேர்கிட்டதான் இருக்கு” என்று சொல்லி, விற்பவருக்கு என் செல்போனிலிருந்தே நேரடியாகப் பணம் அனுப்பச் சொல்கிறார். “தம்பிக்குச் செய்யாம வேற யாருக்குச் செய்யப் போறோம்” என்கிறார் கணவர். மகள் அடுத்த ஆண்டு பிளஸ் டூ முடிக்கிறாள். தொடர் வைப்பில் 70,000 ரூபாய் வைத்திருக்கிறேன். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். பவளம் நல்ல முதலீடா என்ற கேள்விக்குப் பிறகு வருகிறேன்; அதைவிட உங்களை அரிக்கும் பழக்கம் ஒன்று கடிதத்திலேயே இருக்கிறது, அதை நீங்கள் ஒரு குறையாகச் சொல்லாமல் நடந்த விவரமாக மட்டும் எழுதிக் கடந்துபோயிருக்கிறீர்கள். தங்கம் விலை ஏறும்போதெல்லாம் அதே நகையின் மீது கூடுதல் கடன் எடுப்பதுதான் அந்தப் பழக்கம். விலை ஏறியதால் உங்கள் சொத்து வளர்ந்திருக்கிறது; அந்த வளர்ச்சியை ஆண்டுதோறும் வழித்தெடுத்துக் கொழுந்தனின் கடைக்குக் கொடுத்துவிட்டு, கடனை மட்டும் உங்கள் பெயரில் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

தோராயமாகப் போட்டுப் பார்ப்போம். முதல் ஆண்டு கைக்கு வந்தது 2,50,000. அதற்கு ஓராண்டு வட்டி 24,000. அதை அடைத்து 3,60,000-க்குத் திருப்பி வைத்தபோது கைக்கு வந்த புதுப்பணம் 86,000-தான். அடுத்த ஆண்டு வட்டி 34,000. கடனை 4,90,000 ஆக்கியபோது கைக்கு வந்தது 96,000. ஆக மொத்தம் கொழுந்தனிடம் போய்ச் சேர்ந்தது 4,32,000. நீங்கள் கட்ட வேண்டியதோ 4,90,000. இடையில் உள்ள 58,000 வட்டி, அசலாக உருமாறி அந்தக் கணக்கிலேயே உட்கார்ந்திருக்கிறது. இந்த ஆண்டு அந்த வட்டிக்கும் வட்டி ஓடி, மொத்தம் 46,500 சேர்ந்திருக்கும். கொழுந்தன் மூன்று ஆண்டுகளில் கொடுத்த 45,000 இந்த ஓராண்டு வட்டிக்கே போதாது.

அசலையும் வட்டியையும் கெடு முடிவில் ஒன்றாகக் கட்டும் இத்தகைய நகைக்கடனை, சேர்ந்த வட்டியைக் கட்டிய பிறகே புதுப்பிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட நெறிமுறைகள் சொல்கின்றன. ஆனால் நம் ஊரில் அசலையும் வட்டியையும் யாரிடமாவது ஒரு நாளைக்குப் புரட்டிக் கட்டிவிட்டு, மறுநாள் புதுக்கடன் வந்ததும் அவருக்குக் கொடுத்துவிடுவது வழக்கமாகிவிட்டது. நீங்களும் அப்படித்தான் செய்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வங்கியின் கணக்கில் வட்டி கட்டியாயிற்று என்று இருக்கும். உங்கள் சம்பளத்திலிருந்து ஒரு ரூபாய்கூடப் போயிருக்காது. வலி தெரியாததால்தான் இது மூன்று ஆண்டுகள் நடந்திருக்கிறது. தங்கம் ஏறிக்கொண்டே இருக்கும்வரை இந்த ஏற்பாடு ஓடும். ஓர் ஆண்டு விலை இறங்கினால், திருப்பி வைக்கும்போது பழைய கடன் அளவுக்குக்கூடப் பணம் கிடைக்காது. அந்த இடைவெளியைக் கையிலிருந்து போட வேண்டும், முடியாவிட்டால் நகை முழுகிப்போகும்.

இனிப் பவளத்துக்கு வருகிறேன். நான்கு பேரிடம்தான் இருக்கிறது என்பது இன்றைக்கு உண்மையாகவே இருக்கலாம். உலகெங்கும் கடல்நீர்த் தொட்டி வளர்ப்போர் சில நிறவகைகளுக்கு வியக்கத்தக்க விலை கொடுக்கிறார்கள். கட்டைவிரல் நகம் அளவுக்கு வெட்டி, சிறு பீங்கான் அடிக்கட்டையில் பசை போட்டு ஒட்டிய துண்டு ஒன்று சவரன் விலைக்குப் போவதும் உண்டு. அந்த விலை எதனால் வருகிறது என்று பார்க்க வேண்டும். உங்கள் கொழுந்தன் சொல்வது ‘டார்ச்’ எனப்படும் வகையாக இருந்தால், டிராகன் சோல், ஹோலி கிரெயில் என்றெல்லாம் அழைக்கப்படுபவை யாவும் ஒரே இனத்தின் நிறவேறுபாடுகள். பெயர் வைத்தவர்கள் வியாபாரிகளும் வளர்ப்போரும். உங்கள் வளையலில் ஹால்மார்க் இருக்கிறது, எந்தக் கடையிலும் உரைத்துப் பார்க்கலாம்; இதற்கு விற்பவர் சொல்லும் பெயரைத் தவிர வேறு சான்று கிடையாது. விற்பவர் காட்டும் படமோ நீல விளக்கின் கீழ் எடுத்தது. அந்த வெளிச்சத்தில் பொன்னாகவும் பச்சையாகவும் எரிகிற துண்டு, வெள்ளை விளக்கைப் போட்டதும் மங்கித் தெரியும். புதிய தொட்டிக்கு வந்து ஒளியும் நீரும் மாறினால், திசுவுக்குள் வாழும் நுண்பாசி பெருகி மொத்தமாகப் பழுப்பேறிவிடுவதும் உண்டு. அப்போது பெயருக்கும் மதிப்பு இருக்காது.

அபூர்வம் என்பதால் வரும் விலை நிலைக்க வேண்டுமானால் அந்தப் பொருள் பெருகக் கூடாது. கொழுந்தனின் திட்டமோ அதைப் பெருக்குவதையே நம்பியிருக்கிறது. அவர் நான்கை எட்டாக்கும் அதே ஓராண்டில், அந்த மற்ற நான்கு பேரும் அதையே செய்வார்கள். வாங்கியவர்களும் வெட்டி விற்பார்கள். 2018-இல் இந்தோனேசியா பவள ஏற்றுமதியை நிறுத்தியபோது அந்நாட்டு டார்ச் வகைகளின் விலை வெளிநாட்டுச் சந்தைகளில் ஏறியது, 2020-இல் ஏற்றுமதி மறுபடி தொடங்கியது. இவ்வளவு தூரத்தில் ஓர் அரசு எடுக்கும் முடிவை வண்ணார்பேட்டைக் கடை எப்படி முன்கூட்டி அறியும்? இந்தச் சரக்கை வாங்க வருபவர்களில் பெரும்பாலோர் நாளைக்குத் தாங்களும் விற்கலாம் என்ற எண்ணத்தோடு வருகிறவர்கள். 2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி கவிழ்ந்த கதை உங்களுக்கு நினைவிருக்கும்: குஞ்சு பொரித்து இன்னொரு வளர்ப்பாளருக்கு விற்பதுதான் அங்கே வருமானமாக இருந்தது, கறிக்கென்று வாங்கித் தின்ன ஆள் இல்லை. தேக்குத் தோட்டம், ஈமு, இப்போது பவளம் என்று பத்தாண்டுக்கு ஒரு பெயர் மாறிக்கொண்டிருக்கிறது, எனக்குச் சலித்துவிட்டது.

பவள வணிகத்தைத் தடுக்கும் சட்டம் ஒன்று இல்லவே இல்லை என்று வைத்துக்கொண்டு கொழுந்தனின் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். துண்டு 45,000 வீதம் நான்கு. டார்ச் வகைக்குப் பழுப்புக் கூழ் போலத் திசு அழுகும் நோய் ஒன்று உண்டு. பிடித்தால் சில நாளில் முழுத் துண்டும் போய்விடும். நான்கில் ஒன்று மட்டுமே போனது, மீதி மூன்றும் ஆறாயிற்று என்று கருணையோடு வைத்துக்கொள்வோம். விலை பாதியாகி 22,500-க்கு மூன்றை விற்றால் 67,500. செலவுப் பக்கத்தில், நீரை எப்போதும் 25, 26 டிகிரியில் நிறுத்த வேண்டும். சித்திரை வெயிலில் நம் ஊரில் குளிர்விப்பான் இல்லாமல் அது நடக்காது. குளிர்விப்பான், விளக்கு, மோட்டார் எல்லாம் சேர்த்துச் சராசரி 350 வாட் என்றால் மாதம் 250 யூனிட். யூனிட் பத்து ரூபாய் என்று போட்டால் ஆண்டுக்கு 30,000. கடலுப்பு, சுத்திகரித்த நீர், கால்சியம் முதலியவற்றின் பரிசோதனைக்கு 18,000. உங்கள் நகைக்கடன் வட்டி 17,000. கூட்டினால் 65,000. மிச்சம் 2,500 ரூபாயும், விலை இறங்கிக்கொண்டிருக்கும் மூன்று துண்டுகளும். ஒன்றுக்குப் பதில் இரண்டு செத்தால் 20,000 நட்டம். இரவில் ஒரு நீண்ட மின்வெட்டு வந்து இன்வெர்ட்டரும் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

ஆனால் சட்டம் இருக்கிறது. கல் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கிற அதே அட்டவணையில், இருக்கின்றன. டார்ச் ஒரு கல் பவளம். இந்த அட்டவணை சார்ந்த குற்றத்துக்கு மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் ஏழு ஆண்டுகள் வரை சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. வெளிநாட்டுச் சரக்கு என்று சொல்வதும் உதவாது: அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிக உடன்படிக்கையிலும் கல் பவளங்கள் இடம்பெற்றிருப்பதால், அனுப்பும் நாட்டின் அனுமதியும் இங்கே இறக்குமதிக்கான உரிமமும் வேண்டும். கொழுந்தனிடம் அந்தக் காகிதங்களின் நகலைக் கேளுங்கள். செல்போனில் பணம் அனுப்பச் சொல்லும் ஆளிடம் அது இருக்காது என்பது என் ஊகம். நம் பகுதிக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஒரு காலத்தில் தூத்துக்குடிக் கரையில் பவளக்கல்லைத் தோண்டிச் சுண்ணாம்புக்கு எடுத்தார்கள். 1986-இல் தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகள் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதிலிருந்து அந்தக் கடல் வனத்துறையின் கண்காணிப்பில் இருக்கிறது. இவ்வளவு பக்கத்தில் ஒரு கடையில் உயிர்ப்பவளம் இருந்தால் எங்கிருந்து வந்தது என்றுதான் முதலில் கேட்பார்கள். முறையாக வந்தது என்று காட்ட வேண்டிய பொறுப்பு வைத்திருப்பவருடையது.

பண ஆலோசகன் என்ற முறையில் இதில் நான் கவலைப்படுவது வேறொன்றுக்காகவும். சட்டம் தடுத்த நோக்கத்துக்காகச் செய்யும் ஒப்பந்தம் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி செல்லாது. நாளைக்குக் கொழுந்தனோடு மனத்தாங்கல் வந்து, எழுதி வாங்கிய சீட்டோடு நீதிமன்றம் போனாலும் அந்த 1,80,000-ஐக் கேட்டு வாங்குவது கடினம். உங்கள் செல்போனிலிருந்தே பணம் போயிருந்தால் வாங்கியவர் பெயராக அங்கே நிற்பது உங்கள் பெயர். நீங்களோ அரசு உதவி பெறும் பள்ளியில் சம்பளம் வாங்குகிறவர். கடையின் எந்தக் காகிதத்திலும் கூட்டாளி என்று கையெழுத்திட வேண்டாம். கடையில் ஏற்கெனவே பவளம் இருந்தால், அதை என்ன செய்வது என்று அவர் ஒரு வழக்கறிஞரைப் போய்ப் பார்க்கட்டும்.

இப்போது செய்ய வேண்டியது. அடுத்த மாதம் கட்ட வேண்டிய ஓராண்டு வட்டி 46,500-ஐத் தொடர் வைப்பிலிருந்து எடுத்துக் கட்டுங்கள். மகளின் படிப்புக்கென்று ஒதுக்கிய பணமாக அது இருக்கலாம், எனக்கும் தயக்கம் இருக்கத்தான் செய்கிறது. ஆனாலும் அந்த வைப்பு ஒன்பதரை சதவீதம் ஈட்டவில்லை. புதுப்பிக்கும்போது கடன் 4,90,000-ஐத் தாண்டக் கூடாது. வங்கி இன்னும் இரண்டு லட்சம் தரத் தயாராக இருப்பதைப் பார்த்தால், நகை மதிப்பில் முக்கால் பங்கு வரை கடன் தருவார்கள் என்ற கணக்கில், அவர்கள் உங்கள் பத்துச் சவரனை ஒன்பது லட்சத்துக்கு மேல் மதிப்பிட்டிருக்கிறார்கள். அப்படியானால் எட்டுச் சவரன் ஈடே இந்தக் கடனுக்குப் போதும். ஆகவே புதுப்பிக்கும் அன்றே இரண்டு வளையல்களை விடுவித்துத் தரும்படி மேலாளரிடம் கேளுங்கள். ஈடு குறைந்தால் அடுத்த ஆண்டு கூடுதல் கடன் தருகிறோம் என்று சொல்ல வங்கிக்கே அதிக இடம் இருக்காது.

அதன்பின் மாதம் 16,000 ரூபாயை அந்தக் கணக்கில் கட்டி வாருங்கள். மூன்று ஆண்டுகளில் முழுக்கடனும் தீரும். முதல் ஆண்டு முடிவிலேயே அசல் 3,40,000 அளவுக்கு இறங்கி, விலை இன்றைய அளவில் இருந்தால், ஆரத்தை மட்டும் ஈடாக வைத்து மற்ற இரண்டு வளையல்களையும் வாங்கிவிடலாம். வளையல்களை விற்றே கடனைக் குறைத்தால் என்ன என்று உங்களுக்குத் தோன்றலாம். திருமணத்தில் போட்ட பழைய நகை என்றால் அன்றைய விலைக்கும் இன்றைய விலைக்கும் உள்ள வித்தியாசத்தில் பன்னிரண்டரை சதவீதம் மூலதன ஆதாய வரி வரும். நான்கு சவரனுக்கு அதுவே 40,000-ஐத் தொடலாம். சம்பளத்தில் 16,000 ஒதுக்க முடிகிறவரை விற்க வேண்டாம்.

கணவரிடம் பவளத்தைப் பற்றி விவாதிக்க வேண்டாம். அதில் அவருடைய தம்பிக்கு உங்களைவிட அதிகம் தெரியும், பேச்சு அவர் பக்கமே போகும். 4,32,000 ஏற்கெனவே தம்பிக்குச் செய்தாயிற்று, அது என் பெயரில் 4,90,000 கடனாக நிற்கிறது, இந்த மாதம் முதல் அதற்கு என் சம்பளத்தில் 16,000 போகிறது என்ற மூன்று எண்களை மட்டும் சொல்லுங்கள். தம்பியிடம் மாதம் ஐயாயிரமாவது கேட்டு வாங்கித் தரும் வேலையை அவரிடம் ஒப்படையுங்கள். விடுவித்த வளையல்களை வங்கி லாக்கரில் வையுங்கள். அவை வந்துவிட்ட செய்தியை வண்ணார்பேட்டைக்குச் சொல்லி அனுப்ப வேண்டிய அவசியமில்லை.