கேட்டில் ஏலத் தாள் ஒட்டுவதற்கு முன்னால்: வீட்டுக்கடன் கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் 22 வருஷம் குமாஸ்தாவாக இருந்தேன். வீட்டு ஏலக் கோப்புகள்தான் என் மேசைக்கு வரும். ஆட்குறைப்புப் பேச்சு கிளம்பியதிலிருந்து எங்கள் தாமான் (குடியிருப்பு) ஆட்கள் பலர் என்னிடம் தனித்தனியாக வந்து, குரலைத் தாழ்த்தி ஒரே விஷயத்தைக் கேட்கிறார்கள். கேள்வியை எழுதிக் கொடுங்கள், பெயர் போடாமல் எல்லாருக்கும் சேர்த்துச் சொல்கிறேன் என்றேன். வந்தவற்றில் சில:

மூன்று மாதம் கட்டாவிட்டால் வீட்டைப் பிடுங்கிவிடுவார்களாமே, உண்மையா அக்கா?

மூன்று மாதத்தில் வீடு போகாது தம்பி. மூன்று மாத நிலுவை சேர்ந்தால் வங்கி உங்கள் கடனை வாராக்கடன் பக்கம் தள்ளும், வக்கீல் கடிதம் வரும். வீட்டுக்குத் தனி கிராண்ட் (நில உரிமைப் பத்திரம்) இருந்தால் தேசிய நிலச் சட்டப்படி 16டி பாரம் என்ற அறிவிப்பை அனுப்புவார்கள். அதில் குறைந்தது ஒரு மாத அவகாசம் உண்டு. அதற்கும் அசையாவிட்டால்தான் ஏல உத்தரவு கேட்டு உயர்நீதிமன்றத்துக்கோ நில அலுவலகத்துக்கோ போவார்கள். அங்கே ஒரு தேதி கொடுப்பார்கள். அன்றைக்குக் கட்டாயம் போங்கள். "கோர்ட்டுப் படியேறுவதா" என்று கூச்சப்பட்டு நம் ஆட்கள் முக்கால்வாசிப் பேர் போவதில்லை.

ஏலம் முடியும் வரைக்கும்கூட ஏல உத்தரவில் சொன்ன கடன் தொகையையும் செலவையும் கட்டி வீட்டை மீட்கலாம், சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் உங்கள் வீட்டுக்குத் தனி கிராண்ட் இன்னும் வரவில்லை, மொத்த நிலத்துக்கான பெரிய கிராண்ட் வீடு கட்டிய மேம்பாட்டாளர் பெயரில்தான் இருக்கிறது என்றால் கவனம். அப்போது வங்கி கோர்ட்டு உத்தரவு இல்லாமலே ஏலம் விட முடியும், வேகமாகவும் நடக்கும்.

வங்கிக் கடிதம் வந்தால் என் கணவர் திறப்பதே இல்லை. என்ன செய்வது?

நீங்கள் திறங்கள். ஒரு வீட்டில் அந்த அம்மா அரிசி டின்னை நகர்த்தி, அதன் அடியில் இருந்து ஏழு உறைகளை எடுத்துத் தந்தார். ஒன்றுகூடக் கிழிக்கப்படவில்லை. ஐந்தாவது உறையில்தான் நீதிமன்றத் தேதி இருந்தது. அது கடந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. அவர் கணவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். ராத்திரி பிள்ளைகள் தூங்கியதும் இருவரும் உட்கார்ந்து, தேதி வரிசையில் அடுக்கிப் படியுங்கள். திட்டாமல் படியுங்கள்.

பெரிய கல்யாணம், புதுக் கார் என்று ஆடியவர்களுக்குத்தானே வீடு போகிறது? ஒழுங்காகக் கட்டுகிறவர்கள் ஏன் இரக்கப்பட வேண்டும்?

இதைக் கேட்டவர் கோபத்தில் கேட்டிருக்கிறார். அந்தக் கோபம் எனக்குப் பழக்கமானது. 1998இல் எங்கள் வீட்டைப் பார்த்தும் இதையேதான் சொன்னார்கள்.

அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். லயத்தில், அதாவது தோட்டக் குடியிருப்பில், வேலை இருந்தால்தான் வீடு. வேலை போனால் சாமானைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். அதனால்தான் நம் ஜனத்துக்குச் சொந்த வீடு என்பது வெறும் கூரை இல்லை, மானம். 1960இல் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, நம்மூர்க்காரரான அமைச்சர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி கட்டிச் சேர்ந்தார்களே, அதுவும் இந்த மானத்துக்காகத்தான்.

அப்பா தொழிற்சாலைக்கு மாறி, லோன் போட்டு ஒரு மலிவு வீடு வாங்கினார். 98இல் அடிப்படை வட்டி 12 விழுக்காட்டைத் தாண்டியது. தவணை ஏறிய அதே சமயம் தொழிற்சாலை மூடியது. எங்கள் வீட்டில் காரே கிடையாது. ஏலத் தாளை கேட்டில் ஒட்டிய அன்றிலிருந்து அம்மா கோயிலுக்குப் பின் சந்து வழியாகத்தான் போனார். அப்பா தாளைக் கிழித்து, மண்ணெண்ணெய்த் துணியால் பசையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பசை போயிற்று, நாலு மூலையிலும் பெயிண்டும் சேர்ந்து போயிற்று.

நான் தொட்ட கோப்புகளில் அதிகம் பார்த்தது நோய், வேலை இழப்பு, கணவன் மனைவி பிரிவு, அடுத்தவருக்குப் போட்ட கையெழுத்து. காரும் கல்யாணமும் இருந்தன, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஊர் பேசுகிற அளவுக்கு இல்லை. ஊர்ப் பேச்சு ஒரு காரியம் மட்டும் செய்கிறது: அடுத்து மாட்டப்போகிறவரின் வாயை அடைத்துவிடுகிறது. முதல் மாதமே வந்து கேட்டிருந்தால் பிழைத்திருக்க வேண்டிய எத்தனையோ பேர், எட்டாவது மாதம்தான் என் மேசைக்கு வந்தார்கள்.

கொரோனா சமயத்தில் ஆறு மாதம் கட்ட வேண்டாம் என்றார்களே, அதுபோல் மறுபடி வருமா?

அது 2020 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே கிடைத்தது. அப்போதும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். இப்போது நாம்தான் போய்க் கேட்க வேண்டும். முதலில் வங்கிக்குப் போய், தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டித் தரச் சொல்லுங்கள். வீடு, கார், கிரெடிட் கார்டு என்று கடன் பலவாக இருந்தால் ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை அமைப்புக்குப் போங்கள். மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006இல் தொடங்கியது, ஈப்போவில் கிளை இருக்கிறது, ஒரு சென்கூட வாங்க மாட்டார்கள். அங்கே போனால் கெட்ட பெயர் என்கிறார்கள். தாள் ஒட்டுவதைவிடவா?

அதுவரை அலோங்கிடம் (கந்துவட்டிக்காரரிடம்) வாங்கித் தவணை கட்டலாமா?

வேண்டாம். வங்கி எழுதித்தான் மிரட்டும், இவர்கள் வாசலில் சிவப்பு பெயிண்ட் ஊற்றுவார்கள்.

போன வாரம் வேலை போய்விட்டது. கையில் ஒன்றும் இல்லை.

பெர்கேசோவுக்கு (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சந்தா கட்டியிருப்பீர்கள், இல்லையா? வேலை இழந்தவருக்கான காப்புறுதி அதில் இருக்கிறது. 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், நாளைக்கே செய்யுங்கள். அப்புறம் இபிஎஃப் என்கிற ஊழியர் சேம நிதியின் செஜாஹ்தெரா கணக்கிலிருந்து வீட்டுக்கடனைக் குறைக்கப் பணம் எடுக்கலாம். வயதான காலத்துக்கான காசு அது, தெரியும். ஆனால் வீடு போய்விட்டால் வயதான காலத்தில் வாடகை கட்ட வேண்டும்.

அண்ணன் வீட்டுக்கடனுக்கு நான் கேரண்டர் (ஜாமீன்). என்னைத் திவாலாக்க முடியுமா?

குடியிருக்கும் வீட்டுக்கு, லாபம் எதுவும் வாங்காமல் கையெழுத்துப் போட்டிருந்தால் முடியாது. 2017இல் சட்டம் மாறியது. பணம் கேட்டு வழக்குப் போடலாம், அது வேறு. அண்ணனுக்கும் ஒரு தகவல்: ஏலத்தில் வந்த பணம் போதாவிட்டால் மீதிக் கடன் அவர் தலையில்தான். அது 100,000 ரிங்கிட்டுக்குக் குறைவாக இருந்தால் திவால் மனு போட முடியாது.

பக்கத்து வீடு லேலோங்குக்கு (ஏலத்துக்கு) வருகிறது. நாங்கள் எடுத்தால் பாவம் என்கிறார் மாமியார்.

பாவம் இல்லை அம்மா. யாரும் கேட்காவிட்டால் அடுத்த ஏலத்தில் விலையை, வழக்கமாக 10 விழுக்காடு, இறக்குவார்கள். விலை இறங்க இறங்க அந்தக் குடும்பத்தின் மீதிக் கடன்தான் ஏறும். நல்ல விலைக்குப் போனால் கடன் போக மிச்சம் அவர்களுக்கே வரும்.

ஆனால் ஏலத்தில் எடுத்தால் உள்ளே இருப்பவர்களை வெளியேற்றுவது உங்கள் பொறுப்பு. தினமும் முகம் பார்த்தவர்களை நீங்களே கிளப்ப வேண்டும். லோன் கிடைக்காவிட்டால் 10 விழுக்காடு முன்பணமும் போகும். ஏலத் தேதிக்கு இன்னும் நாள் இருந்தால் முதலில் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். வங்கி சம்மதித்தால் சாதாரண விற்பனையாகவே உங்களுக்கு விற்கலாம், அவர்களுக்கும் நாலு காசு கூட நிற்கும். சாயங்காலம், பிள்ளைகள் டியூசனுக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். முன் வாசல் வழியாகவே போங்கள்.