பிரியாத செல்லில் எதற்காகப் புது டிஎன்ஏ?

மதிப்புக்குரிய ஐயா,

நான் உயிரியல் ஆசிரியர். செல் பிரிவதற்கு முன், எஸ் நிலையில் மட்டுமே டிஎன்ஏ இரட்டிப்பாகும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். சென்ற மாதக் கட்டுரையில், வளர்ந்த மனிதரின் நரம்புச் செல்லிலும் டிஎன்ஏ புதிதாக உருவாகிக்கொண்டே இருப்பதாக எழுதியிருந்தீர்கள். நரம்புச் செல்கள் பிரிவதில்லையே? மாணவர்களுக்கு நான் தவறாகச் சொல்லிவிட்டேனா?

ம.

அன்புள்ள ம.,

நீங்கள் சொல்லிக்கொடுத்தது சரி. ‘உட்கருவின் டிஎன்ஏ’ என்று ஒரு சொல் சேர்த்துக்கொண்டால் முழுக்கச் சரி. நான் எழுதியது, செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏவைப் பற்றி. அந்த வரியிலேயே அதைப் பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும். பிழை என்னுடையது. ஆனால் உங்கள் கேள்வியால் எனக்கு மிகப் பிடித்த விஷயம் ஒன்றை எழுத வாய்ப்புக் கிடைத்தது.

உட்கருவிலிருந்து தொடங்குகிறேன். மனிதச் செல் ஒன்று, ஏறத்தாழ 600 கோடி இணை எழுத்துகளைச் சுமார் எட்டு மணி நேரத்தில் படியெடுத்தாக வேண்டும். அதற்காகப் பல்லாயிரம் இடங்களில் வேலை தொடங்குகிறது. எந்தப் பகுதியும் விடுபடக் கூடாது. எதுவும் இரண்டு முறை படியாகவும் கூடாது. இவ்வளவு இடங்களிலும் எது முடிந்தது, எது மீதி என்று செல்லுக்கு எப்படித் தெரியும்?

1970இல் ராவ், ஜான்சன் என்ற இரு ஆய்வாளர்கள் செய்த சோதனையைப் பாருங்கள். வெவ்வேறு நிலையிலிருந்த இரண்டு செல்களை ஒன்றாக இணைத்து, ஒரே செல்லுக்குள் இரண்டு உட்கருக்கள் இருக்கும்படி செய்தார்கள். டிஎன்ஏவின் கட்டுமானப் பொருள்களில் ஒன்றான தைமிடினைக் கதிரியக்கம் உள்ளதாக்கிக் கொடுத்தால், டிஎன்ஏ உருவாகும் உட்கருவின் மேல் மட்டும் படச்சுருளில் கரும்புள்ளிகள் விழும். இன்னும் தொடங்காத ஜி1 உட்கருவை எஸ் நிலைச் செல்லோடு சேர்த்தபோது அது முன்கூட்டியே வேலையைத் தொடங்கிவிட்டது. ஏற்கெனவே முடித்துவிட்ட ஜி2 உட்கருவோ, அதே செல்சாற்றில் மிதந்தும் மீண்டும் தொடங்கவில்லை. ‘தொடங்கு’ என்ற குறிப்பு இரண்டையும் சுற்றித்தான் இருந்தது. ஒன்றிடம் அனுமதி இருந்தது, மற்றொன்றிடம் அது தீர்ந்துபோயிருந்தது.

அந்த அனுமதி என்னவென்று பின்னாளில் தெரிந்தது. எம்சிஎம் என்ற புரத வளையம் ஜி1 நிலையில் தொடக்க இடங்களில் பொருத்தப்படுகிறது. எஸ் நிலையில் அதே வளையம்தான் இழைகளைப் பிரித்துக்கொண்டு ஓடுகிறது. ஓடியபின் தொடக்க இடம் காலியாகிவிடும். புது வளையம் பொருத்துவதை, செல் சுழற்சியை நடத்தும் சிடிகே நொதிகளும் ஜெமினின் என்ற புரதமும் தடுத்துவைக்கின்றன. செல் பிரிந்து முடியும் தறுவாயில்தான் அந்தத் தடை விலகும். அனுமதி வழங்கும் நேரமும் வேலை தொடங்கும் நேரமும் ஒன்றோடொன்று கலப்பதே இல்லை. கணக்கேடு எதுவும் வைத்துக்கொள்ளாமலே கணக்கு சரியாக இருக்கிறது!

மைட்டோகாண்ட்ரியாவின் போக்கு வேறு. அதன் டிஎன்ஏ 16,569 இணைகளும் 37 மரபணுக்களும் கொண்ட சிறு வட்டம். ஒரு செல்லில் நூற்றுக்கணக்கிலிருந்து ஆயிரக்கணக்கு வரை இருக்கும். இவற்றில் எது எப்போது படியெடுக்கப்படும் என்பதற்கு முறை கிடையாது. எலிச் செல்களில் போகன்ஹாகன், கிளேட்டன் என்ற ஆய்வாளர்கள் 1977இல் காட்டியது இதைத்தான்: செல் சுழற்சி முழுவதும் வட்டங்கள் குருட்டாம்போக்காகத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. ஒரே சுழற்சியில் ஒன்று இரண்டு முறை படியாகலாம், அடுத்தது ஒருமுறைகூட ஆகாமலும் போகலாம். செல் காப்பது மொத்த எண்ணிக்கையைத்தான். தொடங்கும் படியெடுப்புகளில் பெரும்பாலானவை 650 எழுத்து அளவிலேயே நின்றுவிடுகின்றன. டிஃபாம் என்ற புரதம் வட்டங்களை இறுக்கிக் கட்டிவைக்கிறது; இறுகக் கட்டியதைப் படியெடுக்க முடியாது. பழையவை அழிந்துகொண்டே இருப்பதால், பிரியாத நரம்புச் செல்லிலும் புதியவை வந்தாக வேண்டும்.

சுதந்திரமாகத் தோன்றினாலும் அந்த 37 மரபணுக்களில் ஒன்றுகூடப் படியெடுக்கும் நொதிக்கானது இல்லை. படியெடுக்கும் நொதியான காமா பாலிமரேஸ், இழைகளைப் பிரிக்கும் ட்விங்கிள், எல்லாமே உட்கருவின் மரபணுக்களிலிருந்து வருபவை. கட்டுமானப் பொருளான நியூக்ளியோடைடுகளைச் செய்யும் நொதிகளும் அப்படித்தான். எஸ் நிலையில் ரிபோநியூக்ளியோடைடு ரிடக்டேஸ் நொதி நியூக்ளியோடைடுகளை ஏராளமாகச் செய்கிறது. செல் பிரியும்போது அந்த நொதியின் ஆர்2 என்ற பாகம் அழிக்கப்பட்டுவிடுகிறது. பிரியாத செல்லில் அதன் இடத்தில் பி53ஆர்2 என்ற மாற்றுப் பாகம் சிறிதளவு செய்துகொடுக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கும் டிகே2 நொதி, பழைய தைமிடினை மீட்டுக் கொடுக்கிறது.

இவற்றில் ஒன்று பழுதானால் என்ன ஆகும் என்பதைத்தான் மாணவர்களுக்கு நீங்கள் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன். பி53ஆர்2 மரபணு பழுதான குழந்தைகளைப் பற்றி 2007இல் தெரியவந்தது. கருவில் செல்கள் பிரிந்து, உறுப்புகள் உருவாகி, குழந்தை பிறந்துவிடுகிறது. எஸ் நிலையின் தாராளமான வரத்து அதுவரை கைகொடுத்திருக்கிறது. பிரிவதை நிறுத்திவிட்ட தசைச் செல்களில் மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ குறைந்துகொண்டே போகிறது, கைகால்கள் தளர்ந்துவிடுகின்றன. அந்தச் செல்களின் உட்கரு டிஎன்ஏ குறையாமல் அப்படியே இருக்கும்.

ஜால்சிடபின், ஸ்டாவுடின் ஆகிய பழைய எச்ஐவி மருந்துகளும் இதற்குச் சாட்சி. வைரஸ் டிஎன்ஏ உருவாவதைத் தடுக்க வந்த போலி நியூக்ளியோசைடுகள், அதாவது டிஎன்ஏவின் கட்டுமானப் பொருளைப் போலத் தோன்றும் பொருள்கள் அவை. காமா பாலிமரேஸும் ஏமாந்து அவற்றை எடுத்துக் கோத்துக்கொண்டது. அவற்றை உட்கொண்ட பலருக்குப் பாதங்களில் எரிச்சலும் மரத்துப்போதலும் வந்தன. பாதிக்கப்பட்டவை நரம்புச் செல்கள், நீங்கள் கேட்ட அதே பிரியாத செல்கள்.

அன்புடன்.