கேபி பார்த்ததும் புது பொம்மை கேட்டு அழுகை

புது பொம்மை வீடு வாங்காதீர்கள். ஒரு காலி ஷூ பெட்டி போதும். நாலு வயது மகள் 'கேபிஸ் டால்ஹவுஸ்' என்ற குழந்தைகள் தொடர் முடிந்ததும் பழைய பொம்மைகளைத் தொடாமல் புதிது கேட்டு அழுகிறாள் என்கிறீர்கள். அதில் கேபி என்ற பெண்ணுக்கு ஒரு பார்சல் வரும், பிரித்த பிறகுதான் கதையே. பாப்பாவைப் பிடித்திருப்பது அந்தப் பிரிக்கும் ஆவலாக இருக்கலாம்.

சோதித்துப் பாருங்கள். பெட்டிக்குள் அவளுடைய பழைய பொம்மை, ஒரு கரண்டி, ஒரு துணி வைத்து மூடிக் கொடுங்கள். "பொம்மை மழையில் நனையாமல் வீட்டுக்குப் போகணும், என்ன பண்ணலாம்?" என்று கேளுங்கள். அப்புறம் குறுக்கிடாதீர்கள். தொடரின் உயிரே அங்கேதான்: கேபியும் பூனை நண்பர்களும் சொதப்பி, மறுபடி முயன்றுதான் வழி கண்டுபிடிப்பார்கள்.

வீட்டில் மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை இருந்தால் மணி, பொத்தான் எதையும் பெட்டியில் போடவே கூடாது, வாயில் போட்டுவிடும்.