தளபதியின் மெய்க்காவல்: ஆளைக் குறையுங்கள், வலுவை அல்ல

கேள்வி: 1801 பாஞ்சாலங்குறிச்சிப் போரை வைத்து ஒரு கணினி வியூக விளையாட்டுக்கு மாற்றுப் பதிப்பு செய்கிறேன். தளபதியின் மெய்க்காவலர்கள் 40 குதிரை வீரர்கள். ஆடுபவர்கள் நான்கு தளபதிகளை மட்டும் ஒன்றாகச் சேர்த்து வரைபடம் முழுவதையும் பிடித்துவிடுகிறார்கள். மெய்க்காவலின் வலுவைக் குறைத்தால், கணினி நடத்தும் தளபதி முதல் மோதலிலேயே செத்துவிடுகிறார். என்ன செய்வது?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: கை வைக்க வேண்டியது எண்ணிக்கையில். 40 பேரை 12 ஆக்கி, தற்காப்பு மதிப்பைச் சற்றுக் கூட்டுங்கள். பன்னிரண்டு பேரால் ஓடுகிறவனைத் துரத்த முடியும். ஈட்டி வரிசையை உடைக்க முடியாது. கணினித் தளபதி அசட்டுத்தனமாகப் பாய்ந்தாலும் உயிரோடு திரும்ப வழியிருக்கும்.

அடுத்தது இலவச நிரப்பல். 2004-இல் வந்த 'ரோம்: டோட்டல் வார்' ஆட்டத்தில் செத்த மெய்க்காவலர்கள் காசில்லாமலே மறுபடி நிரம்பிவிடுவார்கள். உங்கள் ஆட்டத்திலும் அப்படித்தான் என்றால், செலவே இல்லாத படையை யார்தான் விடுவார்கள்?

ஒரு சுற்றில் தளபதி எவ்வளவு தூரம் போகலாம் என்று சொல்லும் நகர்வுப் புள்ளியை மட்டும் வெட்டிவிடாதீர்கள். கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை 1801 பிப்ரவரியில் உங்கள் ஊர்ச் சிறையிலிருந்து தப்பி, ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தள்ளியிருந்த பாஞ்சாலங்குறிச்சிக்குப் போய், இடித்துப்போட்ட கோட்டையைச் சில நாட்களிலேயே எழுப்பிவிட்டார். தளபதி ஓடட்டும். ஆனால் ஓடி வந்தவரால் கோட்டையைப் பிடிக்க முடியக்கூடாது. மார்ச் 31 தாக்குதலில் ஆங்கிலேயக் கும்பினிப் படை தோற்றுத் திரும்பியது; பெரிய பீரங்கிகள் வந்து மதிலைப் பிளந்த பிறகுதான் மே 24-இல் கோட்டை விழுந்தது. ஆகவே மதிலுக்குப் பீரங்கி கட்டாயம் என்று விதியுங்கள். பீரங்கியோடு போகும் படை முழுவதும் அதை இழுக்கும் மாட்டின் வேகத்தில்தான் நகர வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இன்னும் குறையுங்கள். மழைக்குப் பின் ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கரிசலில் வண்டிச் சக்கரம் இறங்கியதைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

மெய்க்காவல் அழிந்தால் தளபதியும் சாக வேண்டும் என்பதில்லை. கோட்டை விழுந்தபின் ஊமைத்துரை காயத்தோடு பிணங்களுக்கிடையே கிடந்தார். மகனைத் தேடி வந்த தாய் ஒருத்தி, சாகக் கிடந்த அந்த மகன் சொன்னபடியே அவரைத் தூக்கிப்போனாள். தேடி வந்தவர்களிடம் அம்மை கண்டு இறந்தவர் என்று சொல்லித் தப்பவைத்தார்கள். சொந்தச் சீமையில் தோற்கும் தளபதிக்கு மூன்றில் ஒரு பங்காவது தப்பும் வாய்ப்புக் கொடுங்கள். இரண்டு சுற்றுக்குப் படுக்கையில் கிடக்கட்டும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். முதலில் எண்ணிக்கையை மட்டும் மாற்றி ஐந்தாறு ஆட்டம் ஆடிப் பாருங்கள். இல்லாவிட்டால் எது பலித்தது என்றே பிடிபடாது.