பிளஸ் ஒன்னில் அடங்கிப்போன குரல்

கேள்வி: பத்தாம் வகுப்புவரை தமிழ்வழியில் நன்றாகப் படித்த என் மகள், பிளஸ் ஒன்னில் ஆங்கிலவழிக்கு மாறியதிலிருந்து வகுப்பில் வாயே திறப்பதில்லை. ‘நீ கெட்டிக்காரி’ என்று எவ்வளவு சொன்னாலும் தேறவில்லை. என்ன செய்வது?

பதில்: அந்தப் பாராட்டையே மாற்றிப் பாருங்கள். 1998-இல் அமெரிக்காவில் உளவியல் ஆய்வாளர்கள் கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் வெளியிட்ட ஆய்வில், அறிவுக்காகப் புகழப்பட்ட ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு தோல்விக்குப் பின் சோர்ந்துவிட்டதும், உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்கள் தொடர்ந்து முயன்றதும் தெரியவந்தது. உங்கள் மகளுக்கு இயற்பியல் மறந்துவிடவில்லை. ‘திசைவேகம்’ என்று படித்தது ‘வெலாசிட்டி’ என்று காதில் விழும்போதுதான் திகைக்கிறாள். ஆகவே மறுநாள் பாடத்தின் கலைச்சொற்களை முந்தைய இரவே தமிழ்ப் பாடநூலோடு ஒப்பிட்டு எழுதவும், தமிழிலேனும் நாளுக்கொரு கேள்வி கேட்கவும் பழக்குங்கள். உறவினர் முன்னிலையில் அவளை ஆங்கிலம் பேசச் சொல்லிச் சோதிக்காதீர்கள். நம் வீடுகளில் வழக்கமாக நடக்கும் கொடுமை அது. உறக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டால், 14416 என்ற, அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவிச் சேவையின் கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே ஆலோசனை பெறலாம்.